ஏழு விரல் கனம்

அந்த வருஷம் சித்திரை பிறந்து ஒன்பதாம் நாள் ஊத்துப்பாறையில் மதியத் தூக்கம் கட்டிபட ஆரம்பித்தது. சாப்பிட்டுவிட்டுச் சற்றே சாய்ந்தவர்களின் நெஞ்சின் மேல், அரிசி கழுவிய தண்ணீரின் நிறத்தில், குளுகுளுவென்று, வழவழவென்று ஒரு பலகை குத்துவாக்கில் வந்து உட்கார்ந்தது. அது உட்கார்ந்திருக்கும் வரைக்கும் ஆள் எழுந்திருக்கவில்லை. முதல் நாள் மட்டும் ஊர் கொஞ்சம் கூச்சல் போட்டது. இரண்டாம் நாள் பலகையை எப்படித் தூக்குவது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்றாம் நாள் யார் வீட்டுப் பலகை பெரியது என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

தூக்குவதற்கு ஒரே வழிதான் இருந்தது. அடியில் கையைக் கொடுத்தால் கை மரத்துத் தோள்வரைக்கும் தூங்கிப்போகும். கயிறு போட்டால் வழுக்கும். பெருவிரலை ஒரு பக்கமும் மற்ற நாலு விரலை எதிர்ப்பக்கமும் அகலமாக வைத்து, விரல் நுனிகளால் அழுத்தி, நேராக மேலே எடுக்க வேண்டும். அதுவும் ஒரு கையால். மற்ற கை தூங்குகிறவரின் கையைப் பிடித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தூக்கத்தோடு சேர்ந்து ஆளும் கொஞ்சம் போய்விடுவார். வெங்காய மண்டிக்காரரின் மனைவி அவசரத்தில் இரண்டு கையாலும் தூக்கிவிட, மண்டிக்காரர் மூன்று நாள் கண்ணைத் திறந்துகொண்டே தன் வீட்டில் விருந்தாளி மாதிரி நடமாடினார். அதோடு, பிஸ்கட் கனத்துக்கு மேல் போன பலகையை அந்த வீட்டு ஆள்தான் தூக்க வேண்டும். வெளியாள் தொட்டால் கொட்டாவி விட்டு அந்த இடத்திலேயே சரிந்துவிடுவார்.

எடுத்த பலகையை முற்றத்து வெயிலில் போட்டால் டீ நேரத்துக்குள் உருகிவிடும், தலையணை வாசம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்கும். இப்படியே ஊர் பழகிக்கொண்டது. தொட்டில் பிள்ளைகளின் தூக்கம் அப்பளம் போல இருந்தது, தாய்மார்கள் நகத்தால் சுண்டிவிட்டார்கள். ரேஷன் கடை வரிசையில் கல்லும் பையும் வைத்து இடம் பிடித்தவர்கள் இப்போது தங்கள் தூக்கத்தை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார்கள், வரிசையில் அடுத்து நின்றவர் யாரும் அதைத் தொடத் துணியாததால் இடம் பத்திரமாக இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் பாடச் சொல்லவில்லை, கையை விரித்துக் காட்டச் சொன்னார்கள். தனியாள்கள் பாவம், பகல் முழுக்கப் பஸ் ஸ்டாண்டில் விழித்தபடி உட்கார்ந்திருந்தார்கள். ஏன் இப்படி நடக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் என்ன, தூக்கத்தை நிறுத்தவா முடியும்.

இந்த ஊரின் மேலத்தெருவில் தங்கபுஷ்பம் இருந்தாள். நாற்பத்தொரு வயசு, பீடி சுற்றுகிறவள். அவள் கணவன் மாடக்கண்ணு, பொன்னுத்துரை முதலாளியின் லாரியை இருபத்திரண்டு வருஷமாக நாக்பூருக்கும் ஊத்துப்பாறைக்குமாக ஓட்டுகிறவன். பிள்ளை இல்லை, அதைப் பற்றிப் பேசிப் பேசி ஊர் அலுத்து வேறு பேச்சுக்குப் போய்விட்டது. மாதம் ஒன்றிரண்டு தடவை மாடக்கண்ணு காலையில் வருவான், குளிப்பான், சாப்பிடுவான், கண்ணைச் சொருகியபடியே நாலு வார்த்தை பேசுவான், விளக்கு வைக்கும் நேரத்துக்கு முதலாளி ஆள் அனுப்பிவிடுவார். "இந்த ஒரு லோடு முடியட்டும், புஷ்பம்," என்று செருப்பை மாட்டுவான். கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அவன் வீட்டில் விழித்திருந்த நேரத்தையெல்லாம் கூட்டினால் ஒரு வருஷம்கூடத் தேறாது.

பலகை விழ ஆரம்பித்த பிறகு முதல் தடவையாக, வைகாசி பதினாலாம் தேதி அவன் ஆரஞ்சு லோடு இறக்கிவிட்டு வந்தான். தங்கபுஷ்பம் பத்துப் பேருக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்த எச்சரிக்கையை அவனுக்குச் சொல்வதற்குள், சோற்றுக் கையைக் கழுவிய ஈரத்தோடு கட்டிலில் சாய்ந்தான். பலகை வந்து உட்கார்ந்தது. நாலு விரல் கனம். கட்டில் கயிறு தரையைத் தொட்டது.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தூக்கிப் பார்த்தாள். அது அசையக்கூட இல்லை. "ஏங்க, எந்திரிங்க" என்று கத்தினாள். தெருவில் பதினோரு வீட்டு ஆண்பிள்ளைகள் பதறி ஓடிவந்தார்கள், இவன் எழுந்திருக்கவில்லை. ஜிம் வைத்திருக்கிற இளைஞர்கள் நாலு பேர், வெளியாள் தொடக்கூடாது என்பதெல்லாம் சும்மா என்று தோளை உருட்டிக்கொண்டு வந்து, தொட்டவுடன் ஒருவர் மேல் ஒருவராகச் சரிந்து, மாலை வரைக்கும் அந்த வீட்டு நடையை அடைத்துக்கொண்டு கிடந்தார்கள்.

உண்மையைச் சொல்வதானால், முதல் வாரம் தங்கபுஷ்பத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. விளக்கு ஏற்றும்போது வீட்டில் புருஷன் இருந்தான். பீடி சுற்றிக்கொண்டே அவள் அவனிடம் பத்தொன்பது வருஷக் கதையைச் சொன்னாள், மாமியார் செத்த அன்றைக்கு யார் யார் வரவில்லை என்பது உட்பட. அவன் வயிறு ஒட்டவில்லை, முகம் வாடவில்லை, தாடி மட்டும் வளர்ந்தது. எட்டாம் நாள் அவள் ஒரு நகைச்சுவையைச் சொல்லிவிட்டு அவன் சிரிப்புக்காகக் காத்திருந்தாள். வராத சிரிப்புக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தாள் என்பது தெரிந்தபோது பயமாகிவிட்டது, மடியிலிருந்த முறத்தைத் தள்ளிவிட்டு ஓவென்று அழுதாள்.

அன்றைக்குத்தான் நூல் வைத்து அளந்தாள். பலகை அரை விரல் வளர்ந்திருந்தது. எடுக்காமல் விட்ட தூக்கம் மேலும் தூங்கித் தடித்துக்கொண்டே போகிறது. பதினைந்து நாளைக்கு ஒரு விரல். தன் கையைச் சுவரோரத்து மரப்பெட்டிகளின் மேல் வைத்து வைத்துப் பார்த்தாள். எவ்வளவு விரித்தாலும் ஏழு விரல் கனத்துக்கு மேல் அவள் கைக்கு எட்டவில்லை. ஆனி முடிவதற்குள் அதைத் தூக்கியாக வேண்டும். அதற்கப்புறம் எந்தப் பலம் வந்தும் பிரயோஜனமில்லை, மாடக்கண்ணு அவன் தூக்கத்துக்கு அடியிலேயே கிடந்துவிடுவான்.

பக்கத்து வீட்டுக் கனி, ஹாலோபிளாக் களத்தில் கல் சுமக்கிறவள், இவளைவிடப் பத்து வயசு இளையவள், வந்து பார்த்தாள். கட்டில் கயிற்றின் தொய்வைப் பார்த்தே எடை சொன்னாள்.

"இருவத்திரெண்டு கிலோ இருக்கும் மைனி. முழிச்ச வருசத்துக்கு ஒரு கிலோ கணக்கு, தடிச்சாலும் எடை ஏறாது. ரெண்டு கையால சொமக்க அது ஒண்ணுமில்ல. ஒத்தக் கையி, அதுவும் வெரல் நுனின்னா, எனக்கே ஆவாது. நீங்க பீடி சுத்துத வெரல வச்சிக்கிட்டு என்ன செய்வீய?"

"அப்ப யாரு தூக்குவா? எனக்கு வேற ஆளு இருக்கா, சொல்லு."

கனி அவள் விரல்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள். "ஆளு இல்ல. கல்லு இருக்குல்லா. எங்க களத்துல ஒடஞ்ச கல்லு எம்புட்டு வேணும் ஒங்களுக்கு?"

அப்படித்தான் தொடங்கியது. தச்சுப்பட்டறைக் கழிவிலிருந்து நாலு துண்டுப் பலகைகளைப் பொறுக்கி ஒன்றோடொன்று சேர்த்து ஆணி அடித்தார்கள், கீழே ஒரு கொக்கி, கொக்கியில் கயிறு, கயிற்றில் பெரிய தண்ணீர் கேன். கேனில் முதலில் ஐந்து லிட்டர் தண்ணீர். அந்தக் கட்டையை மேலிருந்து அகலமாகப் பிடித்துத் தூக்கி, பத்து எண்ணும்வரை வைத்திருக்க வேண்டும். முதல் நாள் மூன்று எண்ணுவதற்குள் கேன் விழுந்து வீடெல்லாம் தண்ணீர். மறுநாள் நாலு. அதற்கு மறுநாள் அதே நாலு. பத்து வந்த அன்றைக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கூட்டினாள், அப்புறம் டம்ளர் டம்ளராகக் கூட்டிக்கொண்டே போனாள். தூங்குகிறவனின் பலகை வளர வளர, கட்டையிலும் இன்னொரு துண்டை வைத்து ஆணி அடித்து அதே கனத்துக்குக் கொண்டுவந்தாள். கனி விரலால் கவ்விப் பழக அரைக்கல் கொண்டுவந்தாள், பிறகு முக்கால் கல், பிறகு முழு நாலு இஞ்ச் கல். தங்கபுஷ்பம் பீடி இலைக் கட்டை இடுப்பில் வைக்காமல் விரல்களில் தொங்கவிட்டுக்கொண்டு கம்பெனிக்கு நடந்தாள். மண் நிரப்பிய பெயிண்ட் டப்பாவை மேல்வாக்கில் பிடித்தபடி பேச வந்தவர்களிடம் பேசினாள். பெருவிரல்தான் துரோகி என்று அவளுக்குத் தெரிந்தது. நாலு விரலும் நான் நான் என்று நிற்கும்போது எதிர்ப்பக்கம் தனியாக நிற்கிற அந்தப் பெருவிரல்தான் முதலில் விட்டுவிடும்.

தெருப் பெண்களுக்கு இது தொற்றிக்கொண்டது. களத்தில் உடைந்த கல் தீர்ந்து நல்ல கல் காணாமல் போக ஆரம்பித்தது. டீக்கடைக்காரர் எட்டு கிளாஸ் இருக்கிற தட்டை ஓரத்தில் ஒற்றைக் கையால் கவ்விக்கொண்டு வந்து வைத்து, யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார்.

பொன்னுத்துரை முதலாளியும் வந்தார். லாரியைத் தெரு முனையில் நிறுத்தி வைத்திருந்தார்.

"என்ன புஷ்பம், இன்னும் எந்திரிக்கலியா? மூணு டிரைவர் போட்டுப் பாத்துட்டேன். அவன விட்டா அந்த வண்டி யாருக்கும் அடங்க மாட்டேங்கி. சட்டுபுட்டுனு தூக்கிப்புடு, என்ன? நாக்பூர் லோடு காத்துக் கெடக்கு."

"தூக்குதேன் முதலாளி," என்றாள். அவளுக்கு அப்போது வேறு யோசனை எதுவும் இல்லை.

ஆனி பிறந்தபோது கேனில் பதினாலு லிட்டர் ஏறியிருந்தது. அங்கேயே நின்றும்விட்டது. ஒரு டம்ளர்கூட ஏறவில்லை. ஏறாத கோபத்தில் காலையிலும் மதியத்திலும் மாலையிலுமாகத் தூக்கினாள், பெருவிரலின் அடி வீங்கி இலந்தைப் பழம் போலச் சிவந்தது, பதினாலு லிட்டர் பன்னிரண்டாக இறங்கியது. அவள் தூங்கவில்லை என்பது கனிக்கு மெதுவாகத்தான் புரிந்தது. பகலில் சாய்ந்தால் பலகை வந்துவிடும், தூக்கிவிட ஆள் இல்லை. இரவில் படுத்தால், கண் மூடித் திறப்பதற்குள் அவன் பலகை ஏழு விரலைத் தாண்டிவிடும் என்ற பயம்.

"கைக்கும் தூக்கம் வேணும் மைனி," என்றாள் கனி. "எங்க களத்துல ஊத்துன கல்ல அன்னைக்கே எடுத்தா பொடிஞ்சிரும். தண்ணி தெளிச்சுச் சும்மா போட்டாத்தான் எறுகும். படுங்க. நான் இருக்கேன்லா."

தங்கபுஷ்பம் புருஷனின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயில் படுத்தாள். அவள் நெஞ்சில் வந்து உட்கார்ந்தது அப்பள அளவுத் தூக்கம்தான். கனி அதை ஒரே ஒரு கொட்டாவியோடு சுண்டிவிட்டாள். நாலு நாள் கல்லைத் தொடவே விடவில்லை. ஐந்தாம் நாள் கட்டையைப் பிடித்தபோது கேன் பதினாறு லிட்டரோடு மேலே வந்தது, தங்கபுஷ்பம் அதைக் கீழே வைக்க மறந்து வாசல் வரைக்கும் நடந்து போனாள்.

இதற்கிடையில் ஊர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இவ்வளவு பெரிய பலகை சுற்றுவட்டாரத்தில் எங்கும் இல்லை. தூக்கம் வராதவர்கள் எட்ட நின்று பார்த்துவிட்டுப் போய், போன இடத்தில் நன்றாகத் தூங்கினார்கள். அடுத்த தடவை பூவோடு வந்தார்கள். யாரோ ஒரு விளக்கு வைத்தார்கள். தங்கபுஷ்பம் அதை எடுத்து அடுப்படியில் வைத்தால், மறுநாள் இரண்டு விளக்கு இருந்தது. சுடலைமாடன் கோயில் பூசாரிகூட வந்து எதற்கும் இருக்கட்டும் என்று தேங்காய் உடைத்துவிட்டுப் போனார்.

ஆனி இருபத்தெட்டாம் தேதி நூல் ஏழு விரலுக்கு ஒரு நெல் குறைவாகக் காட்டியது. கேனில் இருபத்திரண்டு லிட்டர் இருந்தது. இன்றைக்கு விட்டால் இல்லை. சுற்றிய பீடியைக் காலையிலேயே கம்பெனியில் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று போனாள். அந்த ஒரு மணி நேரத்தில் மேலத்தெருப் பெண்கள் இருபது பேர், அவள் கல்லோடு பட்ட பாட்டையெல்லாம் பார்த்து நெஞ்சுருகியவர்கள், அவளுக்கு நல்லது நடக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டு, கையால் தொடாமல் மேலிருந்து கரண்டி கரண்டியாக ஊற்றி, அந்தப் பலகைக்கு எண்ணெய்க்காப்பு செய்து வைத்திருந்தார்கள். நம்மூரில் கல் என்று ஒன்று சும்மா கிடந்தால் எண்ணெய் ஊற்றாமல் விடமாட்டார்கள். செக்கு நல்லெண்ணெய், இரண்டு லிட்டர். பலகை பளபளவென்று மின்னிக்கொண்டிருந்தது.

தங்கபுஷ்பம் நிலைப்படியில் நின்று பார்த்தாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்ததை இங்கே எழுத முடியாது. ஒருத்தி மட்டும் தைரியமாக, "நல்லதுக்குத்தானேக்கா செஞ்சோம்," என்றாள். "நல்லதுக்குத்தான்ட்டி!" என்று தங்கபுஷ்பம் தலையில் அடித்துக்கொண்டாள். "நாப்பத்தஞ்சு நாளு! ஏய், நாப்பத்தஞ்சு நாளு!"

சீயக்காய் போட்டுத் துடைத்தாள். பழைய சேலை மூன்று, எண்ணெயில் ஊறி அவையே தூங்கி விழுந்தன. ஒரு தடவை பிடித்துப் பார்த்தாள்; ஓர் அங்குலம் மேலே வந்து, விரல்களுக்கு நடுவே மீன் போல நழுவித் திரும்ப விழுந்தது, விழுந்த வேகத்தில் மாடக்கண்ணுவின் மூச்சு ஒரு கணம் நின்று வந்தது. கூடியிருந்தவர்கள் நிலைப்படி வரைக்கும் நெருங்கினார்கள். அப்போது பூசாரி, செய்த பாவத்தில் தனக்கும் ஒரு தேங்காய்ப் பங்கு இருப்பதை நினைத்தோ என்னவோ, கோயிலுக்கு ஓடிப்போய் விபூதிச் சட்டியைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து நீட்டினார். அவள் நெற்றிக்கு இடவில்லை. வலது கையை மணிக்கட்டு வரைக்கும் சாம்பலுக்குள் விட்டாள். பலகையின் இரண்டு பக்கமும் அள்ளி அப்பினாள், எண்ணெயைக் குடித்துச் சாம்பல் இறுகும் வரைக்கும், வெயில் சாயும் வரைக்கும் மறுபடி மறுபடி அப்பினாள். இடது கையால் புருஷனின் கையைப் பிடித்தாள். பெருவிரலை வைத்தாள், அப்புறம் நாலு விரலையும்.

பலகை எழுந்தது. எழுந்தபோது அதற்குள் இருந்ததெல்லாம் அவள் விரல் நுனிகளில் ஓடியது: எதிர்வண்டிகளின் வெளிச்சம், முகத்தில் அடித்துக்கொண்ட பச்சைத் தண்ணீர், பெயர் தெரியாத ஊர்களின் சுங்கச்சாவடிகள், கண் செருகிய ஒரு நொடியில் பாலத்தின் விளிம்பு, அந்த விளிம்பில் அவன் கூப்பிட்ட அவள் பெயர், ஒரு தடவை அல்ல, கல்யாணமான நாளிலிருந்து, விழித்திருப்பதற்காக, பாட்டு மாதிரி, புஷ்பம், புஷ்பம், புஷ்பம் என்று. அவளுக்கு இது எதுவுமே தெரியாது. பத்தொன்பது வருஷமாக இந்த மனுஷன் ஒரு தடவைகூட இதைச் சொன்னதில்லை.

மாடக்கண்ணு கண்ணைத் திறந்தான். கூரையைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"வண்டி எங்க?" என்றான்.

எழுந்து உட்கார்ந்து காலால் செருப்பைத் தேடினான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு பொன்னுத்துரை முதலாளி உள்ளே வந்தார். "வா மாடா, வா! லோடு ஏத்தியாச்சு. டயருக்கு எலுமிச்சங்கா வச்சு எஞ்சின கூடப் போட்டாச்சு. மூஞ்சக் கழுவிட்டுக் கெளம்பு."

"இந்தா வந்துட்டேன் முதலாளி," என்றவன், மனைவியைப் பார்த்து, "இந்த ஒரு லோடு முடியட்டும், புஷ்பம்," என்றான்.

தங்கபுஷ்பத்தின் கையில் இருபத்திரண்டு வருஷம் தொங்கிக்கொண்டிருந்தது. பத்து எண்ணுவதற்குத்தான் அவள் பழகியிருந்தாள், இருபது ஆகிவிட்டது. முற்றத்து வெயிலில் போட வேண்டிய பலகையோடு அவள் முற்றத்தைத் தாண்டினாள். வாசலைத் தாண்டினாள். "மைனி, கீழ வைங்க, பெருவெரலு போயிரும்," என்று கனி கூடவே ஓடிவந்தாள். தெரு இரண்டாகப் பிரிந்து வழிவிட்டது. நாற்பது தப்படி. எஞ்சின் உறுமிக்கொண்டிருந்த லாரியின் கதவை இடது கையால் திறந்து, படியில் கால் வைத்து ஏறி, டிரைவர் சீட்டின் மேல் அந்தத் தூக்கத்தை மெதுவாக, முழுசாக வைத்தாள்.

லாரி ஒரு தடவை உடம்பை உதறியது. எஞ்சின் சத்தம் குறைந்து குறட்டையாகி, குறட்டை மூச்சாகி, நின்றது. முன்விளக்குகள் இரண்டும் சொக்கின. "ஏய், என்ன காரியம் செஞ்சே!" என்று பாய்ந்து ஏறிய முதலாளி பலகையைத் தொட்டார், பெரிய கொட்டாவி ஒன்று விட்டார், படியிலிருந்து அப்படியே சரிந்து முன்டயரில் சாய்ந்தார்; எலுமிச்சங்காய் பக்கத்தில் உருண்டது.

மாடக்கண்ணு வெறுங்காலோடு தெருவில் வந்து நின்று வண்டியைப் பார்த்தான். "எல்லாத்தையும் அதுல கொண்டுபோயி வச்சிட்டியே," என்றான். அவனுக்குக் கோபம்கூட வரவில்லை. "இனி நான் எங்க போவ?"

"எங்கயும் போவாண்டாம்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "என் பேரச் சொல்லிச் சொல்லி ரோடெல்லாம் முழிச்சிருந்திய. எங்கிட்ட ஒரு நா வந்து சொல்லியிருக்கலாம்லா? சோத்துக்கு என்ன, நான் கல்லு சொமக்கேன், இந்தக் கை இனி எதையும் தூக்கும். நீங்க வீட்ல இருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் வலது கை ஏழு விரல் கனத்துக்கு அகல விரிந்தபடி, சாம்பலோடு, மடங்காமல் நின்றுவிட்டிருந்தது. அவன் அதைப் பார்த்தான். அருகில் வந்து அந்தக் கையைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டான். சுண்டுவிரலில் ஆரம்பித்து, வலிக்காமல், நீவி நீவி ஒவ்வொரு விரலாக மடக்கினான். பெருவிரலுக்கு வந்து சேர்வதற்குள் விளக்கு வைக்கும் நேரம் வந்து, அதுபாட்டுக்குக் கடந்தும் போனது. அவன் அங்கேயே நின்றான்.